கமாண்டர் டட்லி மார்ட்டனும் வாஹூ நீர்மூழ்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் மறைந்த அமெரிக்க நீர்மூழ்கித் தளபதிகளில் அதிகம் பேசப்படுபவர் டட்லி மார்ட்டன். சிலர் அவரை வீரத்தின் வடிவமாகவே பார்க்கிறார்கள். வேறு சிலருக்கு அவர் பெயரைக் கேட்டதும் படகுகளில் தத்தளித்தவர்கள்மீது பாய்ந்த குண்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. இரு தரப்பாரும் சொல்வது நடந்ததைத்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விட்டுவிட்டால் அந்த மனிதரை நாம் அறிந்தவர்கள் ஆகமாட்டோம்.

யார் இந்த மார்ட்டன்?

டட்லி வாக்கர் மார்ட்டன் 1907 ஜூலை 17 அன்று கென்டக்கி மாநிலத்தின் ஓவன்ஸ்பரோ நகரில் பிறந்தார். 1930இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்லூரியில் மல்யுத்த வீரர். அகன்ற தோளும் பெரிய வாயும் உரத்த சிரிப்பும் கொண்டவர். நண்பர்கள் வைத்த ‘மஷ்’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

வாஹூ என்ற நீர்மூழ்கிக்கு அவர் தலைவரானது 1942 டிசம்பர் 31 அன்று. கப்பலோடு மறைந்தது 1943 அக்டோபர் 11 அன்று. பத்து மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் ஐந்து ரோந்துப் பயணங்கள். அவருடைய புகழும் பழியும் இந்த ஐந்து பயணங்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

வாஹூ எப்படிப்பட்ட கப்பல்?

கேட்டோ வகையைச் சேர்ந்தது. கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் தளத்தில் கட்டப்பட்டு 1942 மே 15 அன்று கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 95 மீட்டர். முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்து டார்பிடோக் குழாய்கள். மொத்தம் 24 டார்பிடோக்கள். அக்கால அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயர் வைப்பது வழக்கம். வாஹூ நம் வஞ்சிரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, விரைந்து நீந்தும் மீன்.

அன்றைய நீர்மூழ்கிகள் நாள் முழுவதும் நீருக்கடியில் ஓடக்கூடியவை அல்ல. நீருக்குள் பேட்டரியில் ஓட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து டீசல் எஞ்சினை இயக்கிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். மேலே இருக்கும்போது வேகம் உண்டு, மறைவு இல்லை. கீழே இருக்கும்போது மறைவு உண்டு, வேகம் இல்லை. மார்ட்டன் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்தவை.

அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

சரடோகா விமானந்தாங்கிக் கப்பலில் பணியாற்றினார். பிறகு நீர்மூழ்கிப் பயிற்சி முடித்து, ஆசியக் கடற்பகுதியில் எஸ்-37 என்ற சிறு நீர்மூழ்கியில் இருந்தார். அதன்பின் ஆர்-5 என்ற பழைய பயிற்சி நீர்மூழ்கியின் தலைவரானார். போர் தொடங்கியபின் அவருக்கு டால்பின் என்ற நீர்மூழ்கி கொடுக்கப்பட்டது. இங்குதான் அவருடைய வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்துவிட இருந்தது. டால்பின் 1930களின் தொடக்கத்துக் கப்பல். ஓட்டை உடைசலாகக் கிடந்தது. இதில் போருக்குப் போனால் ஆட்கள் சாவார்கள் என்று மார்ட்டன் மேலிடத்தில் வெளிப்படையாகச் சொன்னார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. பதவியிலிருந்து நீக்கினார்கள், நீர்மூழ்கிப் பிரிவிலிருந்தே வெளியேற்றவும் பேச்சு எழுந்தது.

அவரைக் காப்பாற்றியவர் ஜான் பிரவுன் என்ற மூத்த அதிகாரி. அனாபொலிஸின் பழைய கால்பந்து வீரரான பிரவுனுக்கு மார்ட்டனின் துணிச்சலும் உடற்கட்டும் பிடித்துப்போய், இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். அந்த வாய்ப்புதான் வாஹூ. முதலில் தலைவராக அல்ல, தலைவர் பதவிக்குக் காத்திருக்கும் கூடுதல் அதிகாரியாக, வாஹூவின் இரண்டாவது ரோந்தில் ஏறினார்.

வாஹூவுக்கு அவர் தலைவரானபின் என்ன மாறியது?

முதல் இரண்டு ரோந்துகளில் மார்வின் கென்னடி தலைவர். கண்டிப்பானவர், எச்சரிக்கை மிகுந்தவர். போருக்கு முன் அமெரிக்க நீர்மூழ்கி அதிகாரிகள் அத்தனை பேருக்கும் கற்பிக்கப்பட்டதும் அந்த எச்சரிக்கைதான். அதனால் அவரைக் கோழை என்று எழுதுவது அநியாயம். ஆனால் கைக்கெட்டிய இலக்குகள் நழுவிப்போனதை மாலுமிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மனம் சோர்ந்திருந்தார்கள்.

மார்ட்டன் பிரிஸ்பேன் துறைமுகத்தில் எல்லோரையும் கூட்டிப் பேசினார். எதிரியின் கப்பல்களைத் தேடிப்போய் மூழ்கடிக்கப் போகிறோம், அதற்காக வாஹூவை இழக்க நேர்ந்தாலும் நேரலாம், வர விருப்பமில்லாதவர்கள் எழுத்தரிடம் சொல்லிவிட்டு இறங்கிக்கொள்ளலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். ஒருவர்கூட இறங்கவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் பெரிஸ்கோப்பில் நடந்தது. தாக்குதல் நேரத்தில் பெரிஸ்கோப்பைத் தலைவர்தான் பார்க்க வேண்டும் என்பது அதுவரை எழுதாத சட்டம். மார்ட்டன் அதைத் துணைத்தலைவர் ரிச்சர்ட் ஓகேனிடம் கொடுத்துவிட்டார். ஓகேன் பார்த்துத் தூரத்தையும் கோணத்தையும் சொல்வார். மார்ட்டன் வரைபடத்தையும் கணக்கீட்டுக் கருவியையும் பார்த்தபடி, எப்போது திரும்புவது, எப்போது சுடுவது என்று தீர்மானிப்பார். கண்ணெதிரே ஒரு போர்க்கப்பல் பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்ப்பவனின் மனம் பதறத்தான் செய்யும். அதைப் பார்க்காதவன் நிதானமாக யோசிக்க முடியும். துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்த ஒருவர், அச்சம் மனித மூளையை என்ன செய்யும் என்பதை இவ்வளவு தெளிவாகக் கணக்கில் எடுத்திருந்தார். எனக்கு மார்ட்டனிடம் மதிப்பு வந்த இடம் இதுதான்.

வீவாக் துறைமுகத்தில் நடந்தது என்ன?

1943 ஜனவரி 16 அன்று வாஹூவின் மூன்றாவது ரோந்துக்கு, மார்ட்டன் தலைமையில் முதல் ரோந்துக்கு, புறப்பட்டார்கள். வழியில் நியூகினியின் வடகரையில் உள்ள வீவாக்கை நோட்டம்விட்டுச் செல்லும்படி உத்தரவு. வேறொரு தலைவராக இருந்தால் கடலில் தொலைவாக நின்று பெரிஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போயிருப்பார். துறைமுகத்துக்கு உள்ளே போகாமல் என்ன நோட்டம் என்று மார்ட்டன் கேட்டார்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. வாஹூவில் வீவாக்கின் வரைபடமே இல்லை. டால்டன் கீட்டர் என்ற எஞ்சின் பிரிவு மாலுமி ஆஸ்திரேலியாவில் வாங்கிய மலிவான பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை எடுத்துவந்தார். அதில் வீவாக் பகுதி மிகச் சிறியதாக இருந்தது. அந்தச் சிறு படத்தை ஒரு கேமராவையும் கப்பலின் சமிக்ஞை விளக்கையும் கொண்டு பெரிதாக்கித் தாளில் விழவைத்து, கோடு கோடாக வரைந்தார்கள். உலகின் மிகப் பெரிய கடற்படைகளில் ஒன்றின் போர்க்கப்பல் பள்ளிப் பிள்ளைகளின் அட்லஸை நம்பி எதிரித் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

ஜனவரி 24 விடியுமுன் மூழ்கி, சுமார் ஒன்பது மைல் உள்ளே சென்றார்கள். பிற்பகலில் ஹருசாமே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கண்ணில் பட்டது. மூன்று டார்பிடோக்களைச் சுட்டார்கள். கப்பலின் வேகத்தைக் குறைவாக மதிப்பிட்டதால் மூன்றும் பின்னால் போயின. நான்காவதைக் கண்ட நாசகாரி திரும்பித் தப்பியது. பிறகு டார்பிடோ வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வாஹூவை நோக்கிப் பாய்ந்து வந்தது.

நேர் எதிரே வரும் கப்பல் மிகக் குறுகிய இலக்கு. தவறினால் அது நம் தலைமேல் வந்து ஆழ்நீர்க் குண்டுகளைக் கொட்டும். ஆழம் குறைந்த துறைமுகத்தில் ஒளிய இடமும் கிடையாது. மார்ட்டன் பெரிஸ்கோப்பைக் கீழே இறக்கவில்லை. எதிரி அதை நோக்கியே வரட்டும் என்று உயர்த்தியபடி காத்திருந்தார். ஐந்தாவது டார்பிடோவும் தவறியது. முன்குழாய்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. தூரம் சுமார் 700 மீட்டராகச் சுருங்கியபோது அதைச் சுட்டுவிட்டு ஆழத்துக்கு இறங்கினார்கள். வெடித்தது.

ஹருசாமே மூழ்கிவிட்டதாக வாஹூவில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அதன் மாலுமிகள் கப்பலைக் கரையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். பழுதுபார்த்தபின் அது மீண்டும் போருக்கு வந்தது. பெரிஸ்கோப் வழியாக எடுத்த, முதுகு முறிந்து கிடக்கும் ஹருசாமேயின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. எதிரே பாய்ந்துவரும் நாசகாரியை முகத்துக்கு நேராகச் சுடலாம் என்று இந்தச் சம்பவத்துக்குப்பின் மற்ற தலைவர்களும் நம்பத் தொடங்கினார்கள்.

1943 ஜனவரி 26 அன்று என்ன நடந்தது?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மார்ட்டனைப் பற்றி எழுதக் கூடாது.

வீவாக்கிலிருந்து வடக்கே சென்ற வாஹூ ஒரு கப்பல் கூட்டத்தைத் தாக்கியது. அதில் ஒன்று புயோ மாரு என்ற படைவீரர் போக்குவரத்துக் கப்பல். டார்பிடோ பட்டு அது மூழ்க, ஆட்கள் படகுகளிலும் கடலிலும் குதித்தார்கள். பேட்டரி தீர்ந்துபோன நிலையில் வாஹூ மேலே வந்தது. மார்ட்டன் படகுகளின்மீது பீரங்கியாலும் இயந்திரத் துப்பாக்கிகளாலும் சுட உத்தரவிட்டார். பிறகு தப்பிச் சென்ற கப்பல்களைத் துரத்திப் போனார்.

படகுகளிலிருந்து வாஹூவை நோக்கித் துப்பாக்கிச் சூடு வந்தது என்று அவருடைய அறிக்கை சொல்கிறது. படகுகளை உடைப்பதே நோக்கம், நீந்தியவர்களைக் குறிவைக்கவில்லை என்று ஓகேன் பிற்காலத்தில் வாதாடினார். அன்று கப்பலில் இருந்த மற்றவர்களின் நினைவு இவ்வளவு மென்மையாக இல்லை.

கடலில் கிடந்தவர்கள் எல்லோருமே ஜப்பானியப் படைவீரர்கள் என்று வாஹூவில் நினைத்தார்கள். அது தவறு. புயோ மாருவில் இருந்த 1,126 பேரில் 491 பேர் இந்தியப் போர்க்கைதிகள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் 16ஆவது பஞ்சாப் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அன்று இறந்தவர்களில் ஜப்பானியர் 87 பேர், இந்தியர் 195 பேர். அதாவது ஒரு ஜப்பானியருக்கு இரண்டுக்கும் மேற்பட்ட இந்தியர்கள். இவர்களில் எத்தனை பேர் டார்பிடோவால் இறந்தார்கள், எத்தனை பேர் துப்பாக்கிக் குண்டால் இறந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் கைதானார்கள். அவர்களில் பலரை நியூகினி போன்ற இடங்களுக்குக் கூலி வேலைக்காகக் கப்பலில் அடைத்து அனுப்பினார்கள். கைதிகள் இருக்கும் கப்பல் என்று காட்ட எந்த அடையாளமும் வைக்கவில்லை. அந்தப் பொறுப்பு ஜப்பானுடையது. ஆனால் படகில் இருப்பவர்களைச் சுடும் உத்தரவுக்குப் பொறுப்பு மார்ட்டனுடையது.

அது போர்க்குற்றமா?

கடற்போருக்குப்பின் நீரில் தத்தளிப்பவர்களைக் காக்க வேண்டும் என்பது 1907 ஹேக் ஒப்பந்தத்திலேயே உள்ள கடமை. ஆயுதத்தோடு சண்டையைத் தொடர்பவருக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. கரைக்குப் போய்ச் சேர்ந்தால் இந்த வீரர்கள் நியூகினியில் நம் ஆட்களைத்தானே கொல்வார்கள் என்பதும் அன்று சொல்லப்பட்ட காரணம். இந்த வாதங்களை நான் ஏற்கவில்லை. சிறு துப்பாக்கிகளின் எல்லைக்கு வெளியே விலகிச் செல்ல வாஹூவால் முடிந்திருக்கும். துரத்த வேண்டிய கப்பல்களும் முன்னால் போய்க்கொண்டிருந்தன.

மார்ட்டன் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைத் தம் ரோந்து அறிக்கையில் தாமே எழுதினார். மேலதிகாரிகள் படித்தார்கள், கண்டிக்கவில்லை, அந்த ரோந்துக்காக நேவி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். தரைப்படையின் சார்பில் ஜெனரல் மக்ஆர்தரும் ஒரு பதக்கம் வழங்கினார். ஹவாயிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி ஓராண்டு கடந்திருந்த நேரம். பழிவாங்கும் உணர்ச்சி கப்பலுக்குக் கப்பல் கொதித்துக்கொண்டிருந்தது. பிழை ஒருவருடையதாக மட்டும் இல்லை என்பதற்கு இந்தப் பதக்கங்களே சாட்சி.

பெரிஸ்கோப்பில் துடைப்பம் கட்டியது உண்மையா?

உண்மை. 1943 பிப்ரவரி 7 அன்று வாஹூ பேர்ல் ஹார்பருக்குள் நுழைந்தபோது பெரிஸ்கோப் கம்பத்தில் துடைப்பம் கட்டியிருந்தது. எதிரியைத் துடைத்தெறிந்துவிட்டோம் என்பதற்கான பழைய கடற்படைச் சின்னம் அது. கூடவே எட்டு ஜப்பானியக் கொடிகள். அந்த ரோந்தின் கடைசியில் டார்பிடோ ஒன்றுகூட மிஞ்சாத நிலையில் மேல்தளப் பீரங்கியை மட்டும் நம்பி இன்னொரு கப்பல் கூட்டத்தின் பின்னால் போய், காவலுக்கு வந்த நாசகாரியிடம் அடி வாங்காமல் தப்பியிருந்தார்கள். நாசகாரி சுட்டது, வாஹூ ஓடியது என்ற பொருளில் மார்ட்டன் அனுப்பிய வானொலிச் செய்தி கடற்படை முழுவதும் பரவியது.

அவருடைய மிகச் சிறந்த ரோந்து எது?

நான்காவது. 1943 பிப்ரவரி, மார்ச்சில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலில். ஒரே பயணத்தில் ஒன்பது கப்பல்கள். எண்ணிக்கையில் அதற்குமுன் எந்த அமெரிக்க நீர்மூழ்கியும் இதை எட்டவில்லை. ஆழம் மிகக் குறைந்த கடல் என்பதால் அங்கே நீர்மூழ்கி வரும் என்று ஜப்பானியர் எதிர்பார்க்கவில்லை. பல கப்பல்கள் காவலின்றிப் போய்க்கொண்டிருந்தன.

டார்பிடோக்கள் வெடிக்காமல் போனதாகச் சொல்கிறார்களே?

மார்ட்டனின் மறைவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அன்று அமெரிக்க நீர்மூழ்கிகள் பயன்படுத்திய மார்க் 14 டார்பிடோவில் ஒரு கோளாறு அல்ல, மூன்று கோளாறுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருந்தன.

முதலாவது, வைத்த ஆழத்தைவிட ஏறத்தாழ மூன்று மீட்டர் கீழே ஓடியது. கப்பலுக்கு அடியில் புகுந்து போய்விடும். 1942இல், அப்போது ஆஸ்திரேலியாவில் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குத் தலைமை வகித்த அட்மிரல் லாக்வுட், ஆஸ்திரேலியக் கரையில் மீன்வலையைக் கட்டி, டார்பிடோ எந்த ஆழத்தில் வலையைக் கிழிக்கிறது என்று அளந்து இதை நிரூபித்தார். இரண்டாவது, கப்பலின் காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய கருவி, பல சமயம் இலக்கை அடையுமுன்பே வெடித்தது. 1943 ஜூனில் பசிபிக் கடற்படையின் தலைமைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ் அதை அணைத்துவிடச் சொன்னார். மூன்றாவதுதான் கொடுமை. மோதி வெடிக்கும் கருவியின் ஊசி, டார்பிடோ சாய்வாகப் பட்டால் வேலை செய்தது; செங்குத்தாக, குறி பிசகாமல் பட்டால் வளைந்து சிக்கிக்கொண்டது. நன்றாகக் குறிபார்ப்பவனுக்குத்தான் டார்பிடோ வெடிக்காது.

1943 ஆகஸ்டில், ஆறாவது ரோந்தில், மார்ட்டன் ஜப்பான் கடலுக்குள் நுழைந்தார். ஜப்பான் தீவுகளுக்கும் ஆசிய நிலப்பரப்புக்கும் இடையே, குறுகிய நீரிணைகளால் மூடப்பட்ட கடல் அது. நான்கு நாட்களில் ஒன்பது தாக்குதல்கள். பத்து டார்பிடோக்கள். சில நீர்மட்டத்துக்கு மேலே துள்ளின. சில திசைமாறி ஓடின. சில கப்பலில் மோதி ஓசை எழுப்பியதோடு சரி. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து எதிரியின் வீட்டு முற்றத்துக்குள் போய்விட்டு, சில மீன்பிடிப் படகுகளைப் பீரங்கியால் உடைத்துவிட்டு, ஆறு மீனவர்களைக் கைதிகளாக ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

இதே ஆகஸ்ட், செப்டம்பரில் ஹவாயின் கஹூலாவே தீவில் செங்குத்துப் பாறைமீது டார்பிடோக்களைச் சுட்டும், உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டும் அந்த ஊசியின் குறையைக் கண்டுபிடித்தார்கள். செப்டம்பர் முடிவில் குறை நீங்கிய டார்பிடோக்கள் கப்பல்களில் ஏறத் தொடங்கின. அதற்குச் சில வாரம் முன்பே மார்ட்டன் புறப்பட்டுப் போயிருந்தார். தவறு டார்பிடோவில் இல்லை, சுடுபவர்களிடம் இருக்கிறது என்று ஏறக்குறைய இரண்டாண்டுகள் சாதித்த அலுவலகங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அவ்வளவு ஆபத்தான இடத்துக்கு ஏன் மறுபடியும் போனார்?

அவரே கேட்டுப் போனார். வெறுங்கையோடு திரும்பியதை அவரால் தாங்க முடியவில்லை. பேர்ல் ஹார்பரில், அப்போது பசிபிக் நீர்மூழ்கிப் படையின் தலைவராக இருந்த லாக்வுட்டிடம் கொதித்துப் பேசினார். வேறு டார்பிடோ கொடுங்கள், அதே கடலுக்குப் போகிறேன் என்றார். மின்சாரத்தில் ஓடும் புதிய மார்க் 18 டார்பிடோக்கள் வாஹூவில் ஏற்றப்பட்டன. வேகம் குறைவு, ஆனால் நீர்மேல் குமிழித் தடம் விடாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. ஐந்தாவது ரோந்துக்குப்பின் ஓகேன் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த டாங் நீர்மூழ்கிக்குத் தலைவராகப் போய்விட்டார். ஓய்வு கொடுத்து வேறு பணிக்கு அனுப்பியிருக்க வேண்டிய நேரத்தில் மார்ட்டனை மறுபடி போகவிட்டது லாக்வுட்டின் பிழை என்றே நான் நினைக்கிறேன்.

கடைசி ரோந்தில் என்ன நடந்தது?

1943 செப்டம்பர் 9 அன்று பேர்ல் ஹார்பரிலிருந்து புறப்பட்டு, 13ஆம் தேதி மிட்வே தீவில் எரிபொருள் நிரப்பினார்கள். அங்கே எழுத்தர் ஒருவருக்குப் பயிற்சிப் பள்ளிக்குப் போகும் உத்தரவு வந்து, கடைசி நேரத்தில் இறங்கிக்கொண்டார். அதற்குப்பின் வாஹூவிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

உலகத்துக்குத் தெரிந்தது ஜப்பானிய அறிவிப்பின் வழியாகத்தான். அக்டோபர் 5 அன்று ஒரு கப்பல் டார்பிடோவால் மூழ்கியது, 544 பேர் இறந்தனர் என்று ஜப்பான் அறிவித்தது. அந்தக் கப்பல் கொன்ரோன் மாரு. ஜப்பானின் ஷிமோனோசெகிக்கும் கொரியாவின் பூசானுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்றது. அந்தப் பகுதியில் இருந்திருக்கக்கூடிய நீர்மூழ்கி வாஹூதான். அமெரிக்கப் பத்திரிகைகள் அதை வெற்றியாக எழுதின. செத்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பயணிகள். போருக்குப்பின் ஜப்பானிய ஆவணங்களைச் சரிபார்த்தபோது அந்த ரோந்தில் வாஹூ நான்கு கப்பல்களை மூழ்கடித்தது தெரிந்தது.

வாஹூ எப்படி மூழ்கியது?

வெளியேறும் வழி, ஹொக்கைடோவுக்கும் சகலினுக்கும் இடையிலுள்ள லா பெரூஸ் நீரிணை. அகலம் சுமார் 40 கிலோமீட்டர், ஆழம் குறைவு, கண்ணிவெடிகள் உண்டு. வாஹூவுக்குப் பின்னால் ஜப்பான் கடலுக்குள் சென்றிருந்த சாபிஷ் என்ற நீர்மூழ்கி அக்டோபர் 9 அன்று இதே வழியாகத் தாக்குதலுக்கு உள்ளாகித் தப்பி வந்திருந்தது. ஜப்பானியர் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 11 அன்று ஜப்பானிய விமானம் நீரில் எண்ணெய்த் தடத்தைக் கண்டது. விமானங்களும் கப்பல்களும் மணிக்கணக்கில் குண்டு போட்டன. வாஹூவில் இருந்த ஏறத்தாழ 80 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. டிசம்பர் 2 அன்று கப்பல் திரும்பவில்லை என்று கடற்படை அறிவித்தது. மார்ட்டனுக்கு வயது 36. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சட்டப்படி அவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது 1946 ஜனவரியில்தான்.

சிதைவு கிடைத்ததா?

கிடைத்தது. 2006இல் ரஷ்ய முக்குளிப்பாளர்கள் லா பெரூஸ் நீரிணையில் சுமார் 65 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். படங்களை ஆராய்ந்த அமெரிக்கக் கடற்படை அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று அது வாஹூதான் என்று உறுதிசெய்தது. கோபுரப் பகுதிக்கு அருகே விமானக் குண்டு நேரடியாகப் பட்ட சேதம் தெரிந்தது. வாஹூ அங்கேயே விடப்பட்டிருக்கிறது. கடற்படை அதைக் கல்லறையாகவே கருதுகிறது. நீரிணையின் தென்கரையில், ஜப்பானின் வக்கனாய் நகரில், 1995இலேயே சமாதான நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது.

மெடல் ஆஃப் ஆனர் ஏன் கிடைக்கவில்லை?

நான்கு நேவி கிராஸ் கிடைத்தன, கடைசியானது மறைவுக்குப்பின். 1959இல் சேவைக்கு வந்த ஒரு நாசகாரிக்கு மார்ட்டன் என்று பெயரிட்டார்கள். மிக உயர்ந்த பதக்கம் மட்டும் வரவில்லை. புயோ மாரு சம்பவம்தான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். அதிகாரப்பூர்வமாக அப்படி யாரும் சொன்னதில்லை.

மொத்தம் எத்தனை கப்பல்களை மூழ்கடித்தார்?

போருக்குப்பின் இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்ட அமெரிக்கக் குழு, மார்ட்டன் தலைமையில் 19 கப்பல்கள், ஏறத்தாழ 55,000 டன் என்று கணக்கிட்டது. போர்க்காலக் கணக்கும் இதுவும் ஒத்துப்போகாது. இருட்டில், பெரிஸ்கோப்பில் சில நொடி பார்த்துவிட்டுக் கப்பலின் அளவை மதிப்பிட்டதால் டன் கணக்கு ஊதிப்போயிருந்தது. 500 டன்னுக்குக் குறைந்த வணிகப் படகுகளைக் குழு சேர்க்கவும் இல்லை.

அவருக்குப்பின் என்ன ஆனது?

மார்ட்டனிடம் தொழில் கற்ற ஓகேன், டாங் நீர்மூழ்கியின் தலைவராக ஆசானின் எண்ணிக்கையையும் கடந்தார். அமெரிக்க நீர்மூழ்கித் தலைவர்களில் அவரே முதலிடம். 1944 அக்டோபரில் டாங் சுட்ட கடைசி டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி அதையே தாக்கியது. பிழைத்த ஒன்பது பேரில் ஓகேனும் ஒருவர். ஜப்பானியச் சிறையில் இருந்து மீண்டு, மெடல் ஆஃப் ஆனர் பெற்றார்.

வாஹூவை இழந்தபின் லாக்வுட் ஜப்பான் கடலுக்கு நீர்மூழ்கிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார். கண்ணிவெடிகளை ஒலியால் கண்டறியும் புதிய சோனார் கருவி வந்தபிறகே, 1945 ஜூனில், ஒன்பது நீர்மூழ்கிகள் சுஷிமா நீரிணை வழியாக உள்ளே போயின. 28 கப்பல்களை மூழ்கடித்தன. போன்பிஷ் என்ற நீர்மூழ்கி திரும்பவில்லை. மற்ற எட்டும் ஜூன் 24 அன்று லா பெரூஸ் நீரிணை வழியாக, நீருக்கு மேலேயே வரிசையாக, முழு வேகத்தில் வெளியே வந்தன.